பேரிக்காயில் ஓடிய ஜீப்

மரியசூசையின் ஜீப் பேரிக்காயில் ஓடியது என்று இன்றைக்குச் சொன்னால் கேட்கிறவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அன்றைக்கும் சிரிக்கத்தான் செய்தார்கள். ஆனால் ஓடியது. பின்னால் அவனுக்கு வந்த வயிற்றெரிச்சலுக்கெல்லாம் அது ஓடியதுதான் காரணம். ஓடாமலே இருந்திருந்தால், நமக்கு வாய்த்தது அவ்வளவுதான் என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேறு சோலியைப் பார்க்கப் போயிருப்பான்.

எண்பதாம் வருஷம். பெட்ரோல் விலை ஏறிய ஏற்றத்தில், கொடைக்கானலில் வாடகை வண்டி வைத்திருந்தவர்கள் எல்லாம் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்கள். மரியசூசையிடம் இருந்தது பட்டாளத்து ஏலத்தில் எடுத்த பழைய ஜீப். சீசனில் டூரிஸ்டுகளை ஏற்றிக்கொண்டு தூண்பாறை காட்டுவான். மற்ற நாளில் விலுப்பட்டி, பள்ளங்கிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பூண்டு மூட்டை ஏற்றுவான். வாடகையைச் சொன்னால் டூரிஸ்டு நடந்தே போய்விடுகிறான், தோட்டக்காரன் கழுதையைத் தேடுகிறான் என்ற நிலைமைக்கு வந்துவிட்டது பிழைப்பு.

அந்தச் சமயத்தில்தான் மனுவேல் வந்தான். மரியசூசையின் மனைவி செல்வமேரிக்குக் கூடப்பிறந்த அண்ணன். கீழ்நாட்டில் ஒரு சர்க்கரை ஆலையின் ஸ்பிரிட் தொழிற்சாலையில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு மலைக்குத் திரும்பியிருந்தான். பேச்சில் கெட்டிக்காரன். எதிரே நிற்பவனுக்கு எது வேண்டும் என்று அவன் வாயைத் திறக்கும் முன்பே தெரிந்துவிடும். அப்படிப்பட்டவர்களைக் கண்டால் கொஞ்சம் தள்ளி நிற்பது உடம்புக்கு நல்லது. ஆனால் மச்சான் என்று ஆனபிறகு எங்கே தள்ளி நிற்பது?

பேரிக்காய் சீசனில் அடிபட்ட காயை லாரிக்காரன் தொடமாட்டான். தோட்டத்துக்காரர்கள் ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போய்விடுவார்கள். மாடுகூட நாலு வாய் தின்றுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஈ மொய்த்து, புளித்து, தெருவெல்லாம் நாறும். மனுவேல் அந்தக் குவியல் ஒன்றின் பக்கத்தில் மரியசூசையை நிறுத்தி, காலால் ஒரு காயை உருட்டிவிட்டான்.

"இது என்ன மாப்ளே?"

"குப்பை."

"பெட்ரோலுலே இது! பிரேசில் தேசத்துல கரும்புல ஸ்பிரிட்டு எடுத்துக் கார் ஓட்டுறான். பேப்பர்ல போட்டிருக்கான். கரும்புல வர்றது பேரிக்காயில வராதா? புளிக்க வச்சுக் காய்ச்சி எறக்கி, சுத்தமாக்கி, பாதி பெட்ரோலு பாதி ஸ்பிரிட்டுன்னு ஊத்துனா உன் ஜீப்பு பிச்சுக்கிட்டுப் போகும்."

மரியசூசை இரண்டடி பின்னால் போனான். "மச்சான், அது சாராயம்."

அவன் பயந்ததில் நியாயம் இருந்தது. ஊரில் மதுவிலக்கு என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அவனுடைய பழைய கதை. ஒரு காலத்தில் மலையில் எங்கே அடுப்பு எரிந்தாலும் அவனுக்குத் தெரியும். மூடியைத் திறந்தாலே போதும், குடிக்க வேண்டியதில்லை. சரக்கு எவ்வளவு காரம், எவ்வளவு தண்ணீர் விட்டிருக்கிறான் என்று மூக்கே சொல்லிவிடும். செல்வமேரியின் காதில் கிடந்த தோடு முதல் வீட்டுக் கதவு வரை அந்த மூக்கின் வழியாகத்தான் போனது. கடைசியில் ஒரு சூசையப்பர் திருநாள் அன்று, லீவில் ஊருக்கு வந்திருந்த இதே மனுவேல்தான் அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனான். அந்தக் கோயில் பங்கில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. குடியை விடுகிறவன் பீடத்தில் கைவைத்துச் சத்தியம் செய்வான்; சபை பார்க்க அவன் பெண்டாட்டி அவன் கழுத்தில் உத்தரியம் போடுவாள். துணித்துண்டு கோத்த அந்தக் கயிறு அதன்பிறகு அவன் கழுத்தை விட்டு இறங்கவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் செல்வமேரி சொன்னாள்: "ஏங்க, இனிமே உங்க மேல வாடை வந்துச்சு, அன்னைக்கே எங்கண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். அப்புறம் கூப்பிட வராதீங்க."

வாடை வரவில்லை. ஆறு வருஷமாக வரவில்லை. 'சூசை சொன்னால் சொன்னதுதான்' என்று ஊர் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டான். அவனுக்கு என்று ஒரு சொத்து உண்டு என்றால் ஜீப் இல்லை, அந்தப் பேர்தான்.

அதனால் மனுவேலிடம் கறாராகப் பேசினான். "மூணு விஷயம் மச்சான். நீங்க காய்ச்சுற கொட்டகைக்குள்ள நான் காலெடுத்து வைக்க மாட்டேன். அது என் நாக்குலயும் படக்கூடாது, மூக்குலயும் ஏறக்கூடாது. கொட்டகைய விட்டு எந்தக் கேன் வெளியே வந்தாலும் உள்ள பெட்ரோல் கலந்துதான் வரணும். எவனும் வாயில வைக்க முடியாதபடி இருக்கணும்."

"என் தங்கச்சி தலையில அடிச்சுச் சத்தியம் பண்றேன் மாப்ளே" என்றான் மனுவேல். சொன்னபடி கையை ஓங்கி அடிக்கிற மாதிரி காற்றில் அடித்தும் காட்டினான். தங்கச்சி அப்போது வீட்டில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

பங்குச் சாமியார் நடுவில் நின்று, தொழில்துறை அதிகாரி ஒருவருக்குத் தகவல் சொன்னார். சின்ன அளவில் செய்து காட்டுங்கள், மலையேறிக் காட்டினால் லைசென்ஸுக்கு எழுதுகிறேன் என்று அதிகாரி சொல்லி அனுப்பினார். போலீஸிடமும் சாமியாரே பேசினார். "மனுவேலை எனக்கு அவ்வளவாகத் தெரியாது. சூசையைத் தெரியும்" என்றாராம். அதைக் கேட்டு மரியசூசைக்கு ஒரு சுற்றுப் பெருத்துவிட்டது போல இருந்தது.

விலுப்பட்டிக்குப் போகிற வழியில் ஒரு தோட்டத்துக் கொட்டகையில் மனுவேல் வேலையை ஆரம்பித்தான். சும்மா சொல்லக்கூடாது, தொழில் தெரிந்தவன். முதல் கேன் வந்த அன்று மரியசூசை மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு டேங்கில் ஊற்றினான். வண்டி ஸ்டாண்டில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "ஏலே சூசை, ஜீப்புக்கு மப்பு ஏறி ஏரிக்குள்ள எறங்கிறப்போகுது!" என்றான் ஒருவன்.

ஏரிக்குள் இறங்கவில்லை. வெள்ளனே குளிரில் கிளம்புவதற்குத்தான் அடம்பிடித்தது. எஞ்சின்மேல் வெந்நீர் ஊற்றித் தாஜா பண்ண வேண்டியிருந்தது. பெட்ரோலைவிடக் கொஞ்சம் கூடவே குடித்தது. ஆனால் சூடேறிவிட்டால் ஏற்றத்தில் ஒரு திணறல் கிடையாது. ஒரு வாரத்தில் சிரித்தவர்களே வந்து, "எங்களுக்கும் கெடைக்குமா?" என்று கேட்டார்கள். லைசென்ஸ் வரட்டும், மலையில் இருக்கிற அத்தனை ஜீப்புக்கும் ஊற்றுவோம் என்றான் மரியசூசை. அழுகிப்போகிற காய்க்கு விலை கிடைக்கும், வண்டிக்காரன் வயிறு நிறையும், அதற்கு வழிகாட்டியவன் பழைய குடிகாரன் சூசை. அவன் தூக்கத்தில்கூடச் சிரித்தான் என்று செல்வமேரி சொன்னாள்.

அய்யம்பாளையத்தில் ஆண்டிச்சாமி என்று ஒரு தோட்டக்காரர் தன் தண்ணீர் இறைக்கிற எஞ்சினுக்கு இதைப் போட்டுப் பார்க்க ஆசைப்படுகிறார் என்று மனுவேல் சொன்னான். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை ஜீப்பில் கேன்கள் மலையிறங்கின. தோட்டத்து வாசலில் ஆள் நின்று வாங்கிக்கொள்வான். மரியசூசை வண்டியை விட்டு இறங்குவதுகூட இல்லை. கேன்களில் பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தது. மச்சான் சொன்ன சொல் காப்பாற்றுகிறான் என்று நினைத்துக்கொண்டான். பெருமாள்மலை செக்போஸ்டில் ஏட்டு திருமலைச்சாமி, வருகிற போகிற வண்டியையெல்லாம் கிளறிப் பார்ப்பவர், இவன் ஜீப்பைக் கண்டால் மட்டும் குறுக்கு மூங்கிலைத் தூக்கிவிட்டு, "போங்க சூசை, போங்க" என்பார். ஒவ்வொரு தடவையும் அவனுக்கு நெஞ்சு நிமிரும்.

அதிகாரி வந்த நாளில் வத்தலகுண்டிலிருந்து புறப்பட்டார்கள். அன்றைக்கு ஊற்ற வேண்டிய கேனை மனுவேலே தனியாக எடுத்து வைத்திருந்தான். மரியசூசை வழக்கம்போல மூக்கைக் கட்டி, மூச்சைப் பிடித்து ஊற்றினான். அதிகாரி முன் சீட்டில், மனுவேல் பின்னால். சமவெளியில் பழைய பெட்ரோல் தீருகிற வரைக்கும் ஜீப் சமர்த்தாக ஓடியது. மலை ஏறத் தொடங்கியதும் இருமியது. டம்டம் பாறைக்குக் கொஞ்சம் கீழே ஒரு வளைவில் உலுக்கி உலுக்கி நின்றேவிட்டது. மரியசூசை தள்ளினான், ஊதினான், மாதாவைக் கூப்பிட்டான். எஞ்சின் பக்கத்தில் பெட்ரோல் வடிகிற சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தைப் பார்த்தான். மேலே மஞ்சளாக ஒரு அடுக்கு, கீழே தெளிவாக ஒரு அடுக்கு, நடுவே கோடு போட்டதுபோல இரண்டும் ஒட்டாமல் நின்றன.

அதிகாரிகளுக்கு ஒரு குணம் உண்டு. ஓடியதைப் பார்த்தால்தான் யோசிப்பார்கள்; ஓடாததைப் பார்த்தால் உடனே முடிவு சொல்லிவிடுவார்கள். "பிராக்டிகலா சரிப்பட்டு வராதுப்பா. பெட்ரோல் பெட்ரோல்தான்" என்று சொல்லிவிட்டு, அந்த வழியாக வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறி, மலையிறங்கிப் போய்விட்டார்.

"ஸ்பிரிட்டு காத்துல இருக்குற ஈரத்த இழுத்துக்கும் மாப்ளே. இந்த மஞ்சுல தண்ணி சேந்து பிரிஞ்சிருச்சு. நம்ம மலைக்கு இது சரிவராது போல. விடு" என்று மனுவேல் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தான். அந்தக் கை முதுகில் இருந்தபோது மரியசூசைக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. அதை நினைத்தால்தான் பின்னாளில் அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது.

ஜீப்பை ஒரு லாரியில் கட்டி இழுத்து வீடு சேர்த்துவிட்டு, இரண்டு நாள் சுருண்டு கிடந்தான். மூன்றாம் நாள் அவனுக்கு ஆண்டிச்சாமியின் ஞாபகம் வந்தது. பாவம், அந்த மனுஷன் எஞ்சினும் கெட்டுப்போகுமே, ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருவோம் என்று டேங்கைச் சுத்தமாக வடித்து, சொச்சப் பெட்ரோலை ஊற்றிக்கொண்டு அய்யம்பாளையம் இறங்கினான். யாரும் சொல்லாமல் அவன் அந்தத் தோட்டத்துக்குப் போனது அதுதான் முதல் தடவை.

வாசலில் ஆள் இல்லை. உள்ளே போனான். கிணறு இருந்தது, மாடு கட்டி இறைக்கிற கவலை இருந்தது, இரண்டு மாடுகள் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தன. எஞ்சின் என்று ஒரு சாமானும் இல்லை; ஆண்டிச்சாமி என்று சொல்லும்படி யாரையும் காணோம். தென்னைக்கு அடியில் பட்டப்பகலில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்தும் சாய்ந்தும் கிடந்தார்கள். கையில் தம்ளர். ஒரு பெண் தன் புருஷனைக் கையைப் பிடித்துத் தூக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். மலையிலிருந்து வந்த ஜீப்பையும் இவன் கழுத்து உத்தரியத்தையும் பார்த்து நிமிர்ந்தாள்.

"நீங்கதானா அந்தச் சூசை?"

"ஆமாம்மா. உங்களுக்கு எப்படி..."

"தெரியாம என்ன? சூசைச் சரக்குன்னுதானே இங்க எல்லாவனும் கேக்குறான். எம் புருஷன் நாள்பூரா உழைச்ச காச உங்க பேரச் சொல்லித்தான் நீட்டுறாரு. நல்லா இருங்க சாமி. நாசமாப் போங்க."

அவள் பேர் வேலுத்தாய் என்று பிறகு தெரிந்துகொண்டான். அந்த நேரத்தில் அவள் முகத்தில் அவன் பார்த்தது செல்வமேரியை. தோடு இல்லாத காதோடு, கதவு இல்லாத வாசலில் நின்ற பழைய செல்வமேரியை.

தென்னைக்கு அப்பால் இருந்த ஓலைக்குடிசை ஓரத்தில் அவன் கொண்டுவந்து இறக்கிய கேன்கள் அடுக்கியிருந்தன. போய் ஒன்றைத் தூக்கினான். வெளிப்புறம் பெட்ரோல் வாடை. மூடியைத் திருகி, ஆறு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக மூக்கைக் கிட்டே கொண்டுபோனான். உள்ளே ஒரு பொட்டுப் பெட்ரோல் இல்லை. பெட்ரோலில் துணியை நனைத்துக் கேனின் மேலே மட்டும் துடைத்திருக்கிறார்கள். உள்ளே இருந்தது சுத்தமான ஸ்பிரிட், கண்ணில் நீர் வரவைக்கும் காரம். இங்கே தண்ணீர் விட்டு விளாவித்தான் தம்ளரில் ஊற்றுகிறார்கள். அவன் நாக்கு ஊறியது. ஆறு வருஷம் எங்கே போயிருந்தது அந்த ஆசை என்று தெரியவில்லை, ஒரு நொடியில் தொண்டைவரை வந்து நின்றது. அவனுக்கு அவன்மேலேயே பயம் வந்துவிட்டது. மூடியை இறுக்கித் திருகினான்.

அதிகாரி வந்த அன்று அவன் ஊற்றியது இது இல்லை என்பதும் அந்த நொடியில்தான் உறைத்தது. அன்று ஒரே ஒரு தடவை மூச்சை இழுத்திருந்தால், இந்த மூக்கு சொல்லியிருக்கும், கேனில் பாதி தண்ணீர் என்று.

"வா மாப்ளே" என்று குரல் கேட்டது. குடிசைக்குள் கயிற்றுக்கட்டிலில் மனுவேல் உட்கார்ந்திருந்தான். திடுக்கிட்ட மாதிரிகூடத் தெரியவில்லை. "தெரிஞ்சிருச்சா? சரி. ஒரு நாள் தெரியத்தானே வேணும். உக்காரு."

"அன்னைக்குத் தண்ணியக் கலந்தது நீங்கதானா?"

"நான்தான். பின்ன? அது மலையேறியிருந்தா லைசென்ஸ் வந்திருக்கும். லைசென்ஸ் வந்தா சர்க்காரு ஆளு வந்து கொட்டகைக்குப் பூட்டுப் போடுவான், சொட்டுச் சொட்டா அளப்பான். அப்புறம் இங்க என்னத்த ஊத்துறது?"

"எத்தனையோ பேரு இருக்க, என்னை ஏன் மச்சான் பிடிச்சீங்க?"

மனுவேல் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டான். "நீ குடிக்காதவன்னுதான். மோந்துகூடப் பாக்க மாட்டேன்னு நீதானே சொன்ன? உன் வண்டிய எவன் சோதிப்பான்? வேற எவனச் சேத்தாலும் முதல் கேன்லயே நாக்க விட்டிருப்பான்."

மரியசூசையின் கை கழுத்துக் கயிற்றைப் பற்றியது. கோயிலுக்குக் கையைப் பிடித்து இழுத்துப் போனவன் இவன். பீடத்துக்குப் பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டவன் இவன். அந்தச் சத்தியத்தையே எடுத்து, சாராயக் கேனுக்கு மூடியாகத் திருகியிருக்கிறான்.

ஒரு கேனைத் தூக்கி, டேங்கில் இருந்த பெட்ரோலுக்குப் பாதிக்குப் பாதி என்று அளவு பார்த்து ஊற்றினான். இரண்டு கேன்களைப் பின்னால் ஏற்றினான். மனுவேல் எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு முன் சீட்டில் வந்து உட்கார்ந்தான். மாப்பிள்ளை சரக்கைத் திருப்பிக் கொண்டுபோய் மலைமேல் காய்ச்சுகிற கொட்டகையில் வைக்கப் போகிறான், கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான், பிறகு எல்லாம் சரியாகிவிடும் என்று அவன் கணக்கு. தங்கச்சி புருஷன் எங்கே போய்விடப் போகிறான்? அதுவும் கழுத்துவரை இதில் முங்கிக் கிடக்கிறவன்.

வத்தலகுண்டு தாண்டி மலை தொடங்கியது. ஜீப் ஒரு முனகலும் இல்லாமல் ஏறியது. முதல் வளைவு, அடுத்த வளைவு. மூட்டை ஏற்றிய லாரி ஒன்றை ஏற்றத்திலேயே தாண்டிப் போனது. அதிகாரியை ஏற்றிக்கொண்டு நின்றுபோன இடம் வந்தது. மரியசூசை மிதியை அழுத்தினான், வண்டி ஒரு குலுக்கலும் காட்டவில்லை. டம்டம் பாறை பின்னால் போயிற்று.

மனுவேலுக்கே முகம் மலர்ந்துவிட்டது. தொழில் தெரிந்தவன் அல்லவா. "பாத்தியா மாப்ளே, எப்படி இழுக்குது! நான்தான் அன்னைக்கே சொன்னேன்ல, ஓடும்னு."

மரியசூசை அடுத்த வளைவுக்குக் கியரை மாற்றினான். பொய் சொல்லி ஏமாற்றியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது அவனுக்கு. மச்சான் சொன்னது நிஜம். குப்பையில் கிடந்த காய் நிஜமாகவே மலை ஏறுகிறது. நிஜத்தைக் கையில் கொடுத்து, அது பொய் என்று அவனையே நம்பவைத்து, முதுகையும் தடவிக்கொடுத்திருக்கிறான். இனி எந்த அதிகாரி வந்து இந்த ஜீப்பில் ஏறுவான்?

பெருமாள்மலை செக்போஸ்டில் திருமலைச்சாமி மூங்கிலைத் தூக்கினார். "போங்க சூசை, போங்க."

ஜீப் நின்றது.

"ஏட்டையா, வண்டியச் சோதன போடுங்க."

"உங்க வண்டியவா? வெளையாடாதீங்க, பின்னால வண்டி நிக்குது. வெரசாப் போங்க."

"பின்னால ரெண்டு கேன் இருக்கு. தொறந்து மோந்து பாருங்க. இத்தனை நாளா நான் கீழ எறக்குனதும் இதுதான். எனக்குத் தெரியாது. ஆனா எறக்குனது நான்தான்."

மனுவேல் அவன் கையைப் பிடித்தான். இப்போதுதான் அவன் முகத்தில் ரத்தம் வற்றியது. "ஏலே, உனக்குப் பைத்தியமா? நீயும்தான் உள்ள போவ. மேரியக் கொஞ்சம் நெனச்சுப் பாருலே!"

"அவ போட்ட உத்தரியத்த நெனச்சுத்தான் நிப்பாட்டியிருக்கேன் மச்சான்."

திருமலைச்சாமி பின்னால் போனார். மூடி திருகுகிற சத்தம் கேட்டது. பிறகு இன்னொரு மூடி. திரும்பி வந்தபோது அவர் இவன் முகத்தைப் பார்க்காமல் மூங்கிலைப் பார்த்துக்கொண்டு பேசினார். "ரெண்டு பேரும் எறங்குங்க. வண்டிய அணைச்சிட்டுச் சாவியக் குடுங்க."

மரியசூசை இறங்கினான். சாவியைத் தொடவில்லை. "அணைக்க வேணாம் ஏட்டையா. டேங்குல இருக்குறது தீர்ற மட்டும் ஓடட்டும். அன்னைக்கு யாரும் பாக்கல. நீங்களாவது பாருங்க." பிறகு ஞாபகம் வந்தவனாகச் சொன்னான்: "வீட்டுக்கு ஒரு ஆள் அனுப்புங்க. நான் குடிக்கலன்னு மட்டும் மேரிகிட்டச் சொல்லச் சொல்லுங்க. வேற எதையும் அவ நம்பாட்டியும் பரவாயில்ல."

வரிசையில் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. திருமலைச்சாமி கையைக் காட்டி அவர்களை அடக்கிவிட்டு, ஜீப்பின் பானட்டில் கைவைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். எஞ்சின் தடங்கல் இல்லாமல் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

"நல்லாத்தான் ஓடுது" என்றார்.

அதைக் கேட்ட பிறகுதான் மரியசூசைக்கு அழுகை வந்தது.